விகுதி இல்லாத அரசாங்கம்

எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவன். வேற்றுமை உருபு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் அவனுக்கு. கணினியில் மட்டும் கெட்டிக்காரன். எனக்கு வரவேண்டிய ஓய்வூதிய நிலுவை ஒன்றுக்கு ஆதாரமான அரசாணையைத் தேடி இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவனிடம் மூன்று முறை போனேன். துறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மற்ற துறைகள் கோபித்துக்கொள்ளும்.

"ஐயா, ஆணை எண், தேதி எல்லாம் இங்க இருக்குதுங்கய்யா. அமுக்கினா திறந்துக்கும்" என்றான். அமுக்கினான். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றி ஓய்ந்து, கொட்டை எழுத்தில் 404 என்று வந்தது. 'நீங்கள் தேடிய பக்கம் கிடைக்கவில்லை' என்று அதன் கீழே. அதற்கும் கீழே, பந்தியில் இலை கிடைக்காதவனுக்கு வாசலில் வெற்றிலை கொடுப்பதுபோல நான்கு அறிவுரைகள்: முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கவும். முகப்புப் பக்கத்துக்குத் திரும்பவும். சிறிது நேரம் கழித்து முயலவும். நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.

"இப்ப என்னப்பா பண்றது?"

"அதான் நாலு வழி போட்டிருக்குதுங்களேய்யா."

முப்பத்தோராண்டு அறிவுரை சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். மற்றவர் சொல்லும் அறிவுரையைத் தட்டினால் அது தொழில் துரோகம். நாலு வழியிலும் போய்ப் பார்த்தேன். போய்ச் சேர்ந்த இடங்களை வரிசையாக எழுதுகிறேன்.

1. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கவும்

பக்கத்தைக் காணோம் என்றதும் முதல் சந்தேகம் தேடி வந்தவன் மேல். இது ஏதோ அந்தத் துறையின் குசும்பு என்று நினைத்தேன். இல்லை, ஏற்பாடே அப்படித்தான். இணையத்தில் கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் நடுவே மூன்று இலக்க எண்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. எண் 2-ல் தொடங்கினால் எல்லாம் நலம். 5-ல் தொடங்கினால் கொடுக்கிறவர் பக்கம் கோளாறு. 4-ல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் பிழை. பக்கத்தைத் தூக்கியது கொடுக்கிறவர். வரும் எண் 404. பற்று எழுதுவது உங்கள் கணக்கில். வெள்ளைக்காரன் கணினிக்காக யோசித்த ஒழுங்கு, நம் தாலுகா ஆபீசுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வந்து பொருந்தியிருக்கிறது.

அதே 4-ஆம் குடும்பத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் உண்டு. இரண்டும் உண்மை பேசும். 410 என்றால், இருந்தது, எடுத்துவிட்டோம், இனி வராது என்று பொருள். 451 என்றால், சட்டக் காரணத்தால் மறைத்திருக்கிறோம் என்று பொருள். இந்த 451 தரநிலையானது 2016-ல். புத்தகங்களைக் கொளுத்துவதையே உத்தியோகமாக வைத்திருக்கும் ஒரு தீயணைப்பு வீரனைப் பற்றி ரே பிராட்பரி 1953-ல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் நினைவாக வைத்த எண் அது. ஆக, ஒப்புக்கொள்ள மனமிருப்பவனுக்கு எண் தயாராக இருக்கிறது. அரசுத் தளங்களில் இத்தனை வருடம் மேய்ந்ததில் ஒரு 410-ஐக்கூட நான் கண்டதில்லை. எடுத்தோம் என்று சொன்னால், ஏன் எடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வருமே. கிடைக்கவில்லை என்றால் அனுதாபம்தான் வரும்.

இன்னொரு ரகமும் உண்டு. தளம் வெளியே 200 என்று சொல்லும், எல்லாம் சரி என்று. உள்ளே போனால், 'இப்பக்கம் புதுப்பிக்கப்பட்டு வருகிறது'. புதுப்பிக்க வந்த கொத்தனார் போன ஆட்சியிலேயே சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார். ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும். பெயர் மாறினால் முகவரி மாறும். முகவரி மாறினால் பழைய அரசாணை அநாதை. படம் மட்டும் எந்த ஆட்சியிலும் தவறாமல் திறக்கும். அமைச்சர் சிரிக்கும் படம் 404 ஆனதாகச் சரித்திரமே கிடையாது.

எழுத்துப் பிழை என்றதும் ஞாபகம் வருகிறது. 2020-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் தளர்த்த ஒரு வரைவு வெளியிட்டது. கருத்துச் சொல்லுங்கள் என்றது, ஆங்கிலத்திலும் இந்தியிலும். பிற மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. இளைஞர்கள் சிலர் ஓர் இணையதளம் வைத்து, அமைச்சருக்கு மின்னஞ்சல் அனுப்பும் இயக்கம் நடத்தினார்கள். கருத்துக் கேட்டவருக்குக் கருத்து வந்து குவிந்தது. கேட்டது ஒரு மரியாதைக்கு என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஜூலையில் டெல்லி காவல்துறை அந்தத் தளத்துக்கு எதிராக நோட்டீஸ் விட்டது, எந்தச் சட்டத்தில் தெரியுமா? பயங்கரவாதிகளுக்கு வைத்திருக்கும் உபா சட்டத்தில். தளம் காணாமல் போனது. ஊர் கேட்டதும், அந்தப் பிரிவு தவறுதலாக இடம்பெற்றுவிட்டது என்று நோட்டீசைத் திரும்பப் பெற்றார்கள்.

ரகர றகரம் மாறினால் நான் அரை மதிப்பெண் குறைப்பேன். அவர்கள் கை தவறினால் மரத்துக்காகக் கடிதம் எழுதிய பிள்ளை பயங்கரவாதி ஆகிறான். பிழையை யார் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்?

2. முகப்புப் பக்கத்துக்குத் திரும்பவும்

இந்த அறிவுரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வரைந்திருந்தது. ஓட்டுவீடு, புகைபோக்கி எல்லாம் வைத்து. பையன் அதை அமுக்கினான். வந்த இடத்துக்கே வந்து நின்றோம்.

வீட்டுக்குப் போ என்பது நம் அரசாங்கத்துக்கு மிகப் பழக்கமான பதில். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நாலு மணி நேரத்தில் நாட்டைப் பூட்டியபோது, நகரங்களில் கூலி வேலைக்கு வந்திருந்த லட்சக்கணக்கானவர்கள் வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். நடந்து திரும்பினார்கள். மே 8 விடியற்காலை, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் பக்கம், ரயில்தான் ஓடவில்லையே என்று தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. அவர்கள் மூட்டையிலிருந்த ரொட்டிகள் கருங்கல் ஜல்லிமேல் சிதறிக் கிடந்த படத்தை இந்தத் தேசம் பார்த்தது.

அந்த செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியது. ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேள்வி வந்தது. தொழிலாளர் அமைச்சகம் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொன்னது: அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை; ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. அதே கூட்டத்தொடரில் ரயில்வே அமைச்சர், தொழிலாளர் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னார். ஒரே அரசு, ஒரே நாடாளுமன்றம், ஒரே மாதம். ஒரு மேசையில் 97 பிணம். அடுத்த மேசையில் பக்கம் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பாருங்கள். எண்ணவில்லை, ஆகவே இல்லை. இல்லை, ஆகவே கொடுக்க வேண்டாம். தமிழ்ப் பாடத்தில் 'ஆகவே' என்ற இணைப்புச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் பிள்ளைகள் 'மழை பெய்தது. ஆகவே குடை பிடித்தேன்' என்று எழுதும். ஒரு 'ஆகவே'யை வைத்து இத்தனை தாலியின் கணக்கை முடிக்க அமைச்சகத்தால்தான் முடியும்.

மறு ஆண்டு ஜூலையிலும் அதே மேடை. ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, மாநிலங்கள் அப்படித் தனியாகத் தெரிவிக்கவில்லை என்பது பதில். ஏப்ரலிலும் மேயிலும் தேசமே சிலிண்டருக்காகத் தெருத்தெருவாக அலைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு வந்த பதில். மூச்சு முட்டிச் செத்தவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதவன் சாகவில்லை.

3. சிறிது நேரம் கழித்து முயலவும்

எவ்வளவு நேரம் என்று அதில் இல்லை. பையனிடம் கேட்டேன். "சாயங்காலம் வாங்கய்யா" என்றான். அவன் நல்லவன்; அவனால் முடிந்த அளவு அதுதான்.

அரசாங்கத்தின் சிறிது நேரம் எவ்வளவு என்பதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. 1881 முதல் இந்த நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துவந்தது. பிளேக் பரவிக்கொண்டிருந்த 1901-லும் எண்ணினார்கள். உலகப் போர் நடுவே 1941-லும் எண்ணினார்கள். அடிமைகளையாவது எண்ணி வைத்துக்கொள்வோம் என்று நினைத்தான் வெள்ளைக்காரன். 2021-ல் எண்ணவில்லை. முதலில் கொரோனா என்றார்கள். கொரோனா போனது, தேர்தல்கள் நடந்தன, கும்பமேளா நடந்தது, கணக்கெடுப்பு மட்டும் தள்ளித் தள்ளிப் போய், 2025-ல்தான் 2027 மார்ச் 1 என்று தேதி குறித்தார்கள்.

ஆறு வருடம் கழித்து முயலவும் என்று போடக் கூச்சப்பட்டுச் சிறிது நேரம் என்று போட்டிருக்கிறார்கள் போலும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்காதவர்கள். 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு மானிய தானியம் என்பதை 2011 கணக்கெடுப்பை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெருகிய ஜனத்தொகைக்கு அரிசி மூட்டை பெருகவில்லை. 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதனால் வெளியே நிற்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். 10 கோடி வயிற்றுக்கு 404. பசிக்கும்போது சிறிது நேரம் கழித்து முயலலாம்.

4. நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்

நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு எழுதினேன். அந்தப் பெட்டி நிரம்பி வழிகிறது என்று கடிதம் திரும்பி வந்தது. தொலைபேசி எண்ணை அமுக்கினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. மும்மொழிக் கொள்கை எங்கே அமலானதோ இல்லையோ, 'இல்லை' என்று சொல்வதில் அமலாகிவிட்டது.

கணினி வருவதற்கு முன்பும் பக்கங்கள் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. அப்போது கரையான் என்றொரு ஊழியர் இருந்தார், பென்ஷன் கேட்காதவர். வெள்ளம் இருந்தது. மின்கசிவு இருந்தது, அது சரியாகத் தணிக்கைக்கு முதல் நாள் ராத்திரிதான் கசியும். கணினி வந்ததும் கரையானுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து, அந்த இடத்தில் 404-ஐ நியமித்திருக்கிறார்கள். கருணை அடிப்படை வேலைதான்.

2013-ல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டுக் கோப்புகளைக் காணோம் என்று நாடாளுமன்றம் கொதித்தது. அந்தத் துறையை ஒரு காலத்தில் தன் கையிலேயே வைத்திருந்த பிரதமர் மன்மோகன் சிங் எழுந்து, கோப்புகளுக்கு நான் காவலாளி இல்லை என்றார். சரி, காவலாளியாக ஒருவர் வரட்டும் என்று நாடு காத்திருந்தது. வந்தார். 2019 மார்ச்சில் தன்னைக் காவலாளி என்றே அழைத்துக்கொண்டு தேர்தல் பிரசாரம் செய்தார் நரேந்திர மோடி. அதே மார்ச் 6 அன்றுதான், ரஃபேல் விமான பேர ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருட்டுப் போயின என்று அவருடைய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, திருட்டு இல்லை, நகல் எடுத்திருக்கிறார்கள் என்பதே தாம் சொல்லவந்தது என்றார். முன்னவர் காலத்தில் காவலாளி இல்லை, கோப்பு போனது. பின்னவர் காலத்தில் காவலாளி இருந்தார், கோப்பு போனதா இல்லையா என்பதே போனது.

டெல்லியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டில் கோயில் சிலைத் திருட்டு வழக்குகளின் 41 கோப்புகள் காணாமல் போன விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோயிலில் சாமி இல்லை. காவல் நிலையத்தில் சாமி காணாமல் போன கட்டும் இல்லை. உண்டு இல்லை என்று ஆத்திகரும் நாத்திகரும் இந்த மாநிலத்தில் நூறு வருடமாக விவாதிக்கிறார்கள். கோப்பு அறையில் நாத்திகம் ஜெயித்துவிட்டது.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. 1997-லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. மத்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று அமலுக்கு வந்தது. அதன் 4-ஆம் பிரிவைப் படித்தால் கண்ணில் நீர் வரும். 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும். மனுப்போடும் தேவையே மக்களுக்குக் குறைய வேண்டும் என்கிறது. நான் தேடிய அந்தத் தளத்திலும் 4-ஆம் பிரிவின் கீழான வெளியீடுகள் என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அமுக்கிப் பார்த்தேன். 404.

2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலை, தேடினோம் கிடைக்கவில்லை என்று சொல்லி மறுக்க முடியாது. முறையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க வேண்டும் என்றது. சட்டம் விலக்கு அளித்திருக்கும் பட்டியலில் 'காணவில்லை' என்றொரு விலக்கு கிடையாது. இந்தத் தீர்ப்பை அலுவலகங்களுக்குச் சுற்றுக்கு விட்டிருப்பார்கள். சுற்றறிக்கை இப்போது எந்தக் கட்டில் இருக்கிறதோ, கிடைக்காது.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஐந்தாவது வழி

பையன் குரலைத் தாழ்த்தி, "பழைய பிரதி எங்கயாவது சேமிச்சு வெச்சிருப்பாங்கய்யா, தேடிப் பாக்கலாம்" என்றான். அமெரிக்காவில் 1996-ல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணையக் காப்பகம், உலகத்தின் இணையப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டே வருகிறது. உலகம் முழுக்க இந்த மறதி இருக்கிறது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் இல்லாமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்கிட்டது. ஆகவே அந்தக் காப்பகம் மனித குலத்தின் பரண்.

அந்தப் பரணுக்கும் நாம் பூட்டுப் போட்டிருக்கிறோம். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலோடு வந்தார்கள். உத்தரவு கிடைத்தது. பட்டியலுக்குள் அந்தக் காப்பகமும் இருந்தது. ஷாருக் கான் படத்தைத் திருட்டிலிருந்து காப்பாற்றுவதற்காக உலகத்தின் ஞாபகத்தை இந்தியாவில் நிறுத்தினார்கள். கொசுவுக்கு மருந்தடிக்க வந்தவன் குழந்தையின் தொட்டிலிலும் சேர்த்து அடித்த கதை. பின்னால் காப்பகம் திரும்பி வந்தது. மன்னிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

எடுத்த பக்கத்தை எல்லோரிடமிருந்தும் மறைத்துவிட முடியாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 ஜூன் 15 அன்று கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்விட்டார்கள். நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று 19-ஆம் தேதி பிரதமர் சொன்னார். ஆகஸ்ட் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்திலேயே ஓர் ஆவணம் ஏறியது. குக்ராங் ஓடை, கோக்ரா, பாங்கோங் ஏரியின் வடகரை ஆகிய இடங்களில் மே மாதம் 17, 18 தேதிகளில் சீனர்கள் எல்லை மீறினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. செய்தி வெளியானதும் ஆகஸ்ட் 6 அன்று அந்தப் பக்கம் மறைந்தது. பிறகு 2017 முதலான மாதாந்திர அறிக்கைகள் அத்தனையும் போயின. சீனன் பின்வாங்க மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. அவன் வந்தான் என்ற வாக்கியம் ஒரே நாளில் பின்வாங்கிவிட்டது.

சென்னைக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, லேக் ஏரியா இருக்கிறது. பலகை எல்லாம் பளிச்சென்று இருக்கும். இணைப்பு இருக்கிறது, பக்கம் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியில் எஞ்சியதன் மேல் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி உலகம் அமையாது என்று சொன்னவருக்கு ஏரியைத் தூர்த்து மண்டபம் கட்டிய மரியாதை நம்முடையது. ஏரி எங்கே என்று கேட்டால் கிடைக்கவில்லை என்றோம். தண்ணீருக்கு மட்டும் அந்தப் பழைய முகவரி மறக்கவில்லை. 2015 டிசம்பரில் ஊர் ஊராக அது தன் பழைய பக்கங்களைத் தேடி வந்தது. முதல் மாடி வரைக்கும் வந்து கதவைத் தட்டிக் கேட்டது. நாம் அதனிடமும் சொல்லிப் பார்த்தோம், சிறிது நேரம் கழித்து முயலவும் என்று.

விடைத்தாள் திருத்தம்

ஐந்து வழியிலும் போய்விட்டு வெறுங்கையோடு வந்து, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி இலக்கணம் பார்த்தேன். 'பக்கம் கிடைக்கவில்லை.'

எழுவாய் எது? பக்கம். அதாவது குற்றவாளி பக்கமே. கிடைக்க மாட்டேன் என்று அது அடம்பிடிக்கிறது. பயனிலை எது? கிடைக்கவில்லை.

இங்கேதான் சூட்சுமம். தமிழ் வினைமுற்று ஒரு காட்டிக்கொடுப்பான். எடுத்தான் என்றால் ஆண் ஒருவன். எடுத்தாள் என்றால் பெண் ஒருத்தி. எடுத்தார்கள் என்றால் கூட்டம். எடுத்தேன் என்றால் நானே. செய்தவனின் அடையாளத்தை வாலிலேயே கட்டிவிட்டிருக்கிறது இந்த மொழி. அதற்குப் பெயர் விகுதி. அந்த வால் இல்லாமல் தப்புகிற சொற்கள் மிகச் சில. வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. நான் எடுக்கவில்லை, அவர் எடுக்கவில்லை, அவை எடுக்கவில்லை: எல்லாவற்றுக்கும் ஒரே முகம், அதாவது முகமே இல்லை. எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் பவணந்தி முனிவர் மூன்று சொல்லுக்கு விலக்குக் கொடுத்தார். அதில் நடுச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு சர்க்காரே நடக்கிறது. விவரம் இல்லை. கோப்பு இல்லை. நிதி இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை.

இன்னொரு தந்திரம் தன்வினை. எரிந்தது, எரித்தார்கள்: 'ந்' என்ற மெல்லெழுத்து 'த்' என்ற வல்லெழுத்தாகி அழுத்துவதுதான் வித்தியாசம். 1981-ல் மே முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது என்று ஒருவர் எழுதுவார். எரித்தார்கள் என்று இன்னொருவர் எழுதுவார். முன்னவருக்கு நெருப்பு குற்றவாளி. பின்னவருக்குத்தான் அதை ஏந்தி வந்த கைகள் தெரியும். அந்த வல்லெழுத்தை விடாமல் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளியில் தன்வினை பிறவினை என்று பிள்ளைகள் தலையில் குட்டினோம். ஏரி வற்றவில்லை, தூர்த்தார்கள். கணக்கெடுப்பு தள்ளிப்போகவில்லை, தள்ளிப்போட்டார்கள். தொழிலாளியின் பெயர் விடுபடவில்லை, விட்டார்கள். பக்கம் காணாமல் போகவில்லை.

ஆகவே, இது நான் எழுதும் ஆகவே, அரசாணையைத் தேடுவதை நிறுத்தினேன். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தகவல் மனுப்போட்டேன். மூன்றே கேள்வி. இந்தப் பக்கத்தை எடுத்தவர் யார்? எடுக்கச் சொன்னவர் யார்? எடுத்த தேதி எது? பையன் தட்டச்சு செய்தான். 'கிடைக்கவில்லை' என்று தொடங்கப் போனவனை நிறுத்தி, 'எடுத்தவர்' என்று மாற்ற வைத்தேன். "இதுல என்னங்கய்யா வித்தியாசம்?" என்றான். பத்தாம் வகுப்பில் நான் சரியாக நடத்தவில்லை போலிருக்கிறது.

சட்டம் கொடுத்திருக்கும் 30 நாளில் 29-ஆம் நாள் பதில் வந்தது. முத்திரை, கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரே வரி: 'தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகத்தில் இல்லை.'

மேசை இழுப்பறையில் பழைய சிவப்புப் பேனா கிடந்தது. உதறிப் பார்த்தேன், எழுதியது. 'இல்லை' என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் எழுதினேன்: 'விகுதி எங்கே? செய்தவரைக் காட்டும் வினைமுற்றால் விடை எழுதுக. மதிப்பெண் 0.' அதன் நகலை இணைத்து முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். மறுதேர்வுக்கு அவர்களுக்கு அவகாசம், சட்டப்படி, 30 நாள்.